யாருடைய டிராக்டர்?

போன வருஷம் கார் சாகுபடிக்குத் தொளி அடித்துக்கொண்டிருந்தபோது சித்தப்பாவின் டிராக்டர் நடு வயலில் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்று சொல்வதுகூடச் சரியில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் ரேஸ் ஏறவில்லை. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. கேஜ்வீல் அரைச் சுற்று சுற்றும், மூச்சு முட்டி நிற்கும். புகை இல்லை, சத்தத்தில் மாற்றம் இல்லை, எங்கேயும் ஆயில் ஒழுகவில்லை. காய்ச்சலோ இருமலோ இல்லாத ஒருத்தன் பாயில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதுபோல இருந்தது.

எங்கள் ஊர் இலஞ்சி பக்கம். ஆனி மாதம், நல்ல சாரல். பேரருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்தார்கள், ஐந்தருவியிலும் அதே கதை. சென்னையிலிருந்து லீவு போட்டுச் சீசனுக்கு வந்த நான் அருவிக்குப் போக முடியாமல் வயலுக்குப் போனேன். அதனால்தான் இதெல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

சித்தப்பா உடனே மெக்கானிக் அண்ணாச்சிக்குப் போன் போட்டார். தென்காசியில் மதுரை ரோட்டில் பட்டறை. அறுபதைத் தாண்டியவர். நாற்பது வருஷமாக இந்தச் சுற்றுவட்டாரத்து டீசல் இன்ஜின்களைப் பிரித்து மாட்டுகிறவர். டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கி, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தொளிக்குள் நடந்து வந்தார். நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்து ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்டார். டீசல் ஃபில்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று வடித்துப் பார்த்தார். பிறகு ஒயர்களை ஒன்றொன்றாகத் தடவிக்கொண்டே போனவர் ஒரு சின்ன கனெக்டரில் நின்றார். கழற்றினால் உள்ளே சேற்றுத் தண்ணீர், பின்னில் பச்சைக் களிம்பு. பெட்ரோல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, வாயால் ஊதி மறுபடி மாட்டினார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

ஸ்டார்ட் ஆனது. ரேஸ் ஏறவில்லை. மஞ்சள் விளக்கு அப்படியே எரிந்தது.

"இன்ஜின்ல ஒரு கோளாறும் இல்ல. ஆனா ஓட மாட்டேங்கு. நான் இதுல என்னத்த பாக்க?" என்றார். அப்போது அவர் முகத்தில் இருந்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. கோபம் இல்லை, வெட்கம் மாதிரி ஒன்று. சித்தப்பா நீட்டிய பணத்தை வாங்காமல் போய்விட்டார்.

கம்பெனி சர்வீஸுக்குப் போன் போட்டோம். புகார் பதிவாகிவிட்டது, எண் வந்தது. திருநெல்வேலியில் இருந்த இன்ஜினியர் வேறொரு வேலையாகக் கோவில்பட்டி பக்கம் போயிருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் வந்தார். நல்ல பையன், என்னைவிட ஆறேழு வயது சின்னவன். லேப்டாப்பை டிராக்டரில் ஒயர் வழியாக மாட்டினான்.

"ரெயில் பிரஷர் சென்சார் கனெக்‌ஷன் விட்டிருக்கு சார். ஆனா இப்ப ரீடிங் கரெக்டா வருதே. யாராச்சும் தொட்டீங்களா?"

சொன்னோம்.

"அப்ப எர்ரரை மட்டும் அழிச்சாப் போதும்" என்று ஒரு பாஸ்வேர்டு போட்டு ஒரு பட்டனைத் தட்டினான். விளக்கு அணைந்தது. டிராக்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. மொத்தம் பத்து நிமிஷம்.

அதாவது, முதல் நாள் சாயங்காலமே அண்ணாச்சி பழுதைச் சரிசெய்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டரை நாள் அந்த டிராக்டர் நின்றது, தனக்குப் பழுது வந்திருந்ததை அது மறக்காததால். மறக்கச் சொல்லும் அதிகாரம் சரிசெய்தவருக்கு இல்லை. பேங்க் லோன் போட்டு வாங்கிய சித்தப்பாவுக்கும் இல்லை.

விலை கொடுத்து வாங்கிய ஒன்றைத் திறந்து சரிசெய்ய முடியாதவன் அதற்கு உடமைக்காரன்தானா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. "இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுக் கம்பெனிக்காரனைத் திட்டலாம். எனக்கு அது முடியாது. அதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

*

எங்கள் தொழுவத்தில் இன்னொரு டிராக்டரும் நிற்கிறது. தாத்தா வாங்கிய மாஸி ஃபெர்குசன் 1035. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் வண்டி, மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின். சிவப்பு நிறம் என்பதால், அதற்கு முன்பு அந்த இடத்தில் கட்டியிருந்த காளையின் பெயரே அதற்கும் வந்துவிட்டது. செவலை.

செவலை எப்படி ஓடுகிறது என்பதைப் பள்ளிக்கூடப் பையனுக்கு அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே வந்து காற்றை நெருக்கும். நெருக்கப்பட்ட காற்று கொதிக்கும். சரியாக அந்த நேரத்தில் பம்ப் டீசலைத் தள்ளும், நாஸில் அதைப் பனிபோலத் தெளிக்கும், சூட்டில் அது தானே பற்றிக்கொள்ளும். எந்தச் சிலிண்டருக்கு எப்போது எவ்வளவு டீசல் என்பதையெல்லாம் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் எடைக் குண்டுகளும் தீர்மானிக்கும். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரியைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டும் உழலாம். நிறுத்துவதற்கு ஒரு குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும், டீசல் அடைபடும், அவ்வளவுதான். இதில் கஷ்டம் உண்டு, மர்மம் கிடையாது.

மூன்று சிலிண்டரில் ஒன்று சரியாக வேலை செய்யவில்லை, எது என்று தெரியவில்லை என்று வையுங்கள். அண்ணாச்சி இன்ஜினை ஓடவிட்டுவிட்டு, நாஸிலுக்குப் போகும் டீசல் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துவார். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் இன்ஜின் நொண்டும். கெட்ட சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் சத்தத்தில் ஒரு மாற்றமும் இருக்காது, ஏனென்றால் அது ஏற்கெனவே வேலை செய்யவில்லை. "கேட்டியா? இவன்தான் சும்மா இருக்கவன்" என்பார். ஒன்றை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியும். தர்க்கப் புத்தகத்தில் இதற்கு ஒரு பெரிய பெயர் இருக்கும். எனக்கு இது வந்தது பத்து வயதில், கையில் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரோடு.

புகையையும் அவர் அப்படித்தான் படிப்பார். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வருகிறது, இல்லாவிட்டால் தண்ணீர் எங்கோ உள்ளே போகிறது. நீலம் என்றால் ரிங் தேய்ந்து இன்ஜின் ஆயில் எரிகிறது, செலவு பெரிசு. செவலையை இதுவரை இரண்டு முறை முழுசாகப் பிரித்தாயிற்று. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது. கிராங்க் லேத் பட்டறைக்குப் போய்க் கிரைண்டிங் ஆகி வந்தது. இரண்டு தடவை பிடியும் ஒரு தடவை இரும்பும் மாற்றிய அருவாளை "எங்க தாத்தா அருவா" என்று சொல்வதில்லையா, அதுபோல இதுவும் தாத்தாவின் டிராக்டர்தான். கிரேக்கத்தில் இதைக் கப்பலை வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

ஹைடெகர் 1927-இல் வெளிவந்த 'இருத்தலும் காலமும்' நூலில் சுத்தியலைப் பற்றிச் சொல்வது தத்துவம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நன்றாக இருக்கும் வரை சுத்தியல் கண்ணுக்குத் தெரிவதில்லை, கை அதன் வழியாக ஆணியைத்தான் பார்க்கிறது. உடைந்த பிறகுதான் சுத்தியல் ஒரு பொருளாக முன்னால் வந்து நிற்கிறது. செவலைக்கு இது அப்படியே பொருந்தும். அது கெட்டுப்போகும் நாளில்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றி நின்று அதன் வயிற்றைப் பார்ப்போம். புது டிராக்டரில் நடந்தது தலைகீழ். நன்றாக ஓடும்போது ஏதோ கொஞ்சம் புரிவதுபோல இருந்தது, கெட்டுப்போனதும் முற்றாக மூடிக்கொண்டது. எனக்குத் தெரிந்து ஹைடெகர் இப்படி ஒரு சுத்தியலை யோசித்திருக்கவில்லை.

ஆனால் ஒன்று. அண்ணாச்சி எல்லாவற்றையும் திறந்துவிடுவார் என்று நான் எழுதினால் அது பொய். டீசல் பம்பை அவர் திறக்க மாட்டார். கழற்றிச் சாக்கில் சுற்றித் திருநெல்வேலிக்கு பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொடுத்துவிடுவார். அங்கே பரிசோதிக்கும் மேடை இருக்கும், கண்ணாடிக் குழாய்களில் டீசல் அளவு சமமாக விழுகிறதா என்று பார்த்துச் சரிசெய்வார்கள். பம்புக்குள் இருக்கும் பிளஞ்சரின் இடைவெளி கண்ணால் பார்த்துச் செய்கிற சமாசாரம் இல்லை. ஆக, அந்தக் காலத்திலும் ஒரு மூடிய அறை இருந்தது. ஆனால் அதன் சாவியை, மேடையை விலைக்கு வாங்கி வேலையைக் கற்றுக்கொண்ட யாரும் வைத்துக்கொள்ளலாம்.

*

புது டிராக்டர் ஏன் இப்படி ஆனது என்பதற்கு நியாயமான காரணம் உண்டு.

இந்தியாவில் டிராக்டர் புகைக்கான விதிகளுக்கு ட்ரெம் என்று பெயர். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு ட்ரெம் 4, சில தள்ளிவைப்புகளுக்குப் பிறகு, 2023 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. சித்தப்பாவின் வண்டி 55. ரோட்டவேட்டருக்கும் லோடுக்கும் வாடகைக்கும் தெம்பு வேண்டும் என்று வாங்கியது. நம் நாட்டில் விற்கும் டிராக்டர்களில் பெரும்பகுதி ஐம்பதுக்குக் கீழேதான், அதனால் அண்ணாச்சியின் பட்டறையில் இன்றைக்கும் வண்டிகள் வரிசையில்தான் நிற்கின்றன. சிறிய டிராக்டர்களுக்கான அடுத்த கட்ட விதி பலமுறை தள்ளிப்போயிருக்கிறது. ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. தாத்தா பல வருஷம் செவலையின் புகைக்குழலுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார். கடைசிக் காலத்தில் அவருக்கு இருந்த இருமலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "அந்தக் கால இன்ஜின் மாதிரி வருமா" என்று யாராவது பேசும்போது அந்த இருமல் எனக்குக் கேட்கும்.

புகையைக் குறைக்க வேண்டுமானால் டீசலை இன்னும் நுணுக்கமாகத் தெளிக்க வேண்டும். செவலையின் நாஸில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் திறக்கும். காமன் ரெயில் இன்ஜினில் அழுத்தம் 1,600 பார் வரைகூடப் போகும். எப்போது, எத்தனை தடவையாக, எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அண்ணாச்சியின் அந்த அழகான சோதனை, நட்டைத் தளர்த்திப் பார்ப்பது, இங்கே செய்தால் உயிருக்கே ஆபத்து. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஒரு மனிதர் நாற்பது வருஷம் பழகிய கைப்பழக்கம் ஒரு தலைமுறை மாறியதும் அவரையே கொல்லக்கூடியதாகிவிட்டது.

இன்னொன்று. காமன் ரெயில் இன்ஜெக்டரைப் புதிதாக மாற்றினாலும் வேலை முடியாது. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு குறியீட்டு எண் இருக்கும், அதை இன்ஜினின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். இதை முதலில் கேட்டபோது கொள்ளை என்று நினைத்தேன். உண்மையில் இரண்டு இன்ஜெக்டர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை, அந்த நுண்ணிய வித்தியாசத்தைத்தான் எண் சொல்கிறது. தெரிந்தால்தான் கம்ப்யூட்டர் சரியான அளவு கொடுக்கும். அது ஒரு தொழில்நுட்பத் தேவை. ஆனால் அந்த எண்ணைத் தட்டச்சு செய்யும் கருவி யார் கையில் இருக்க வேண்டும் என்பது தொழில்நுட்பம் முடிவு செய்த விஷயம் கிடையாது. அதை ஓர் ஆபீஸ் அறையில் சில பேர் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

கடினம் வேறு, பூட்டு வேறு. இரண்டும் ஒரே பெட்டிக்குள் வருவதால் நமக்கு ஒன்றுபோலத் தோன்றுகிறது. அண்ணாச்சி அன்று கடினத்திடம் தோற்கவில்லை.

*

அமெரிக்காவில் இந்தச் சண்டை பல வருஷமாக நடக்கிறது. 2015-இல் அங்குள்ள காப்புரிமை அலுவலகத்தில் ஜான் டியர் கம்பெனி வைத்த வாதம் பிரபலமானது. டிராக்டரை வாங்கியவருக்கு அதற்குள் இருக்கும் மென்பொருள் சொந்தமாகிவிடாது, வண்டி இருக்கும் வரை அதை இயக்கிக்கொள்ள ஒரு மறைமுக உரிமம்தான் கிடைக்கிறது என்பது அதன் சாரம். அந்த வருஷமே பழுதுபார்ப்புக்காக மென்பொருள் பூட்டைத் தாண்டுவதற்குச் சட்ட விலக்கு கொடுத்தார்கள். 2023-இல் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளுக்கென்று பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையமே ஜான் டியர்மீது வழக்குப் போட்டது. இங்கே நம் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அந்த டிசம்பரில் ஓர் இணையதளமும் வந்தது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "அதுல போட்டா எர்ரர் அழியுமா?" என்று கேட்டார்.

சட்டத்தைவிட்டு வெளியே வந்து யோசித்தால், உடமை என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது? பயன்படுத்துவது, விற்பது, வாடகைக்கு விடுவது, அழிப்பது. சித்தப்பா அந்த டிராக்டரை விற்கலாம். தீ வைத்துக் கொளுத்தலாம், யாரும் கேட்க முடியாது. சரிசெய்ய மட்டும்தான் அனுமதி வேண்டும். ஒரு பொருளை நாசமாக்க எனக்கு முழு உரிமை உண்டு, காப்பாற்ற உரிமை இல்லை என்பது எனக்கு வேடிக்கையாக இல்லை.

*

இங்கே என்னை நானே ஒருமுறை நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. செவலை எங்கள் வீட்டுக்கு வந்தபோது கலப்பையையும் வண்டிப் பட்டையையும் செய்து தந்துகொண்டிருந்த ஆசாரிக்கும் கொல்லருக்கும் என்ன ஆயிற்று? கலப்பை உடைந்தால் ஊருக்குள்ளேயே சரியாகும், பதிலுக்கு அறுவடையில் நெல் போகும். செவலையின் ஸ்பேர் பார்ட்ஸுக்குத் தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் போக வேண்டியிருந்தது, ரொக்கம் வேண்டியிருந்தது. தஞ்சாவூரில் பிறந்து காந்தியோடு வேலை செய்த ஜே.சி. குமரப்பா, 1940-களிலேயே இதைப் பார்த்துவிட்டார். பெட்ரோலியமும் நிலக்கரியும் தேக்கிவைத்த பொருளாதாரம், எடுக்க எடுக்கத் தீரும், அதற்காகச் சண்டை வரும் என்றார். அவர் பார்வையில் செவலையே விரோதிதான். நான் பழுதுபார்க்கக்கூடியது என்று கொண்டாடும் இயந்திரம், அதற்கு முந்தைய பழுதுபார்ப்பவர்களின் பிழைப்பின் மேல் ஏறி வந்தது.

இன்னும் ஒரு படி பின்னால் போனால் ருடால்ஃப் டீசல். சிறு பட்டறைக்காரர்கள் பெரிய ஆலைகளின் நீராவி இன்ஜின்களோடு போட்டி போட முடியாமல் அழிவதைப் பார்த்தவர். சிறியவனும் வைத்துக்கொள்ளக்கூடிய சிக்கனமான இன்ஜின் என்ற ஆசையும் அவருடைய கனவில் இருந்தது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய வகை இன்ஜின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. தொழிலாளர்கள் தாங்களே தொழிலுக்கு உடமையாளராவது பற்றி 1903-இல் ஒரு புத்தகமே எழுதினார். இன்ஜின் அவர் பெயரோடு உலகமெல்லாம் போனது, புத்தகத்தை யாரும் தேடவில்லை.

அப்படியானால் பழுதுபார்க்கும் கை ஒவ்வொரு தலைமுறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித்தான் போகும், இதில் புலம்ப என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். கொல்லரிடமிருந்து அண்ணாச்சிக்குப் போனபோது கை மாறியது. ஊர் கொஞ்சம் பெரிசானது, ஆனால் அந்தக் கை இன்னும் ஒரு மனிதரின் கையாகவே இருந்தது, கற்றுக்கொள்ள முடிந்தது. அண்ணாச்சியே ஒரு கொல்லர் வீட்டுப் பையன்தான். அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும்போதுதான் பாஸ்வேர்டு கேட்கிறது.

*

அந்தப் பாஸ்வேர்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சென்னையில் ஜெனரேட்டர்களுக்கான கன்ட்ரோலரில் மென்பொருள் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியிலும் கல்யாண மண்டபத்திலும் பின்பக்கம் நிற்குமே, அந்த டீசல் ஜெனரேட்டர். அதில் ஆயில் பிரஷர் குறைந்தால் இன்ஜின் தானாக நிற்கும், திரையில் எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையை யார் அழிக்கலாம் என்று தீர்மானிக்கும் பகுதியை எழுதியது நான். மூன்று வருஷத்துக்கு முன்னால். சில வகைப் பழுதுகளை சர்வீஸ் பாஸ்வேர்டு இல்லாமல் அழிக்க முடியாது. பழுது உண்மையில் சரியாகிவிட்டதா இல்லையா என்று என் நிரல் பார்ப்பதில்லை. யார் கேட்கிறார் என்று பார்க்கிறது.

எழுதியபோது எனக்குக் கொடுக்கப்பட்ட காரணம் நல்ல காரணம். ஆயில் இல்லாமல் நின்ற இன்ஜினை வாட்ச்மேன் ரீசெட் பண்ணி ரீசெட் பண்ணி ஐந்து தடவை ஸ்டார்ட் பண்ணுவார், ஐந்தாவது தடவை இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிறகு வாரண்டி கேட்டு வருவார்கள். இது கற்பனை கிடையாது, அப்படிப் பிடித்துக்கொண்ட கிராங்கை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பட்டியலில் எந்தெந்தப் பழுதுகளைச் சேர்ப்பது என்று பேசிய கூட்டத்தில் இன்னொரு காரணமும் பேசப்பட்டது. சர்வீஸ் வருமானம். யாரும் அதை மறைத்துப் பேசவில்லை, சிரித்துக்கொண்டுகூடப் பேசவில்லை. சாதாரணமாக ஒரு கட்டத்தில் ஓர் எண். ஆயில் பிரஷரோடு சேர்ந்து, ஒரு சென்சார் ஒயர் விட்டுப்போவதும் அந்தப் பட்டியலில் ஏறியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது அது ஒரு வேலை, வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டியது.

தொளிக்குள் நின்று மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன நடக்கிறது என்று தெரியும். இன்ஜினியர் வருவதற்கு முன்பே தெரியும். அண்ணாச்சி சரிசெய்துவிட்டார், இது லாட்ச் ஆகி நிற்கிறது என்று. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் வெட்கத்தோடு டிவிஎஸ் ஃபிப்டியைக் கிளப்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருந்தால் டிராக்டர் ஓடியிருக்காது. ஆனால் அவர் தோற்கவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

*

தென்காசி காசி விசுவநாதர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனுடையது. ஊரில் பிறந்த எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள், நாமும் மறந்துவிடுவோம். பொதுவாகக் கல்வெட்டுகளில் ராஜாக்கள் தாங்கள் ஜெயித்ததைச் சொல்வார்கள், தானத்துக்கு யாராவது கேடு செய்தால் என்ன பாவம் சேரும் என்று மிரட்டுவார்கள். இவர் சொன்னது வேறு. இந்தக் கோயிலுக்குப் பின்னொரு நாளில் ஏதாவது பழுது வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும், அவரை உலகம் அறிய இப்போதே பணிகிறேன் என்கிறார்.

இந்த லீவில் போய் மறுபடி பார்த்தேன். கோபுர வாசலில் அடிக்கும் காற்றில் ஆளைத் தூக்கிவிடும், அது ஆனி ஆடியில் இன்னும் அதிகம். என்னை நிறுத்தியது அந்த "யாராக இருந்தாலும்". தன் வம்சத்தார் என்று அவர் சொல்லவில்லை, இன்ன சிற்பி, இன்ன அதிகாரி என்றும் சொல்லவில்லை. தான் கட்டியது பழுதாகும் என்று கட்டும்போதே ஒப்புக்கொள்கிறார். சரிசெய்யப் போகிறவர் தனக்குத் தெரியாதவர் என்பதையும் ஒப்புக்கொள்கிறார். அந்தத் தெரியாதவரை ராஜா கும்பிடுகிறார். சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்ற கோபுரத்தை ஒன்பது நிலைகளோடு எழுப்பி 1990-இல் கும்பாபிஷேகம் செய்தார்கள். செய்தவர்கள் யாரும் பாண்டியரின் அனுமதி பெற்றவர்கள் இல்லை, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அவர் போட்ட கும்பிட்டை வாங்கிக்கொண்டவர்கள்.

என் நிரலில் "யாராக இருந்தாலும்" என்ற வரி கிடையாது. இருப்பது அதற்கு நேர் எதிர்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கோயிலைத் தவறாகச் சரிசெய்தால் சுவரில் வெடிப்பு வரும். டிராக்டரைத் தவறாகத் திறந்தால் புகை அடுத்தவர் நுரையீரலுக்குப் போகும். சித்தப்பாவுக்கு டிராக்டர் ஓடத் தொடங்கிய அதே வாரத்தில் ஒரு பையன் போன் போட்டான். புகைக் கட்டுப்பாட்டை அடைத்து, மேப்பை மாற்றி, எர்ரரே வராமல் செய்துதருவானாம், டீசலும் மிச்சமாகுமாம். திறக்கும் உரிமை என்று நான் பேசினால் இந்தப் பையனும் அந்த வாசல் வழியாகத்தான் வருவான். அவனை எப்படித் தடுப்பது என்று எனக்குத் தெளிவான பதில் இல்லை. பூட்டுதான் ஒரே வழி என்று மட்டும் நான் நம்பவில்லை. பால்காரர் தண்ணீர் கலக்கக்கூடும் என்பதற்காக மாட்டின் மடிக்கு யாரும் பூட்டுப் போடுவதில்லை, பாலைச் சோதிக்கிறோம். புகையையும் சோதிக்கலாம்.

சித்தப்பா அந்தப் பையனிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். சூழல் அக்கறை ஒன்றும் காரணம் இல்லை, வாரண்டி போய்விடும் என்ற பயம். நல்ல முடிவு, தப்பான காரணம். என்னிடமும் அப்படிச் சில உண்டு.

*

அந்த மூன்று நாளில் எங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. எங்கள் நடவு ஏற்கெனவே முடிந்திருந்தது. டிராக்டர் நின்ற வயல் எங்களுடையதே இல்லை. கீழக் கரையில் இருக்கும் ஓர் ஆச்சியுடையது. அறுபது செண்டு. அவளுக்கு அடுத்து இன்னும் நாலு பேர் வரிசையில் இருந்தார்கள். ஆச்சி அம்பை 16 பாவியிருந்தாள். அது மாதிரிக் குறுகிய வயசு நெல்லுக்கு நாற்றை 18-லிருந்து 22 நாளுக்குள் பிடுங்கி நட்டால்தான் நன்றாகத் தூர் கட்டும். டிராக்டர் நின்ற அன்று நாற்றுக்கு வயது 23. தொளி முடிந்து நடவாட்கள் மறுபடி கிடைத்து நட்டபோது 29. குளத்துத் தண்ணீர் முறையும் அவளைத் தாண்டிப் போய்விட்டது, வாய்க்காலில் கெஞ்சித்தான் தண்ணீர் விட்டார்கள்.

யார் உடமையாளர் என்ற வழக்கில் ஆச்சி கட்சிக்காரியே இல்லை. டிராக்டரை அவள் வாங்கவில்லை, எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. எர்ரர் என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது. ஆனால் பாஸ்வேர்டின் விலையை அவள்தான் கொடுத்தாள். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஓடும் இயந்திரங்கள் நிறைந்த ஊரில், சரிசெய்யும் உரிமை வாங்கியவனுடைய உரிமை என்று பேசுவதே போதாது என்று அவளைப் பார்த்த பிறகுதான் தோன்றியது. வரப்பில் உட்கார்ந்து நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மஞ்சளாப் போவுது பாரு" என்றாள், என்னிடம் சொல்வதுபோலவும் இல்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அண்ணாச்சியின் பட்டறைக்குப் போனேன். ஒரு மூன்று சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வால்வு கிரைண்டிங் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் முதல் நாளே சரிசெய்துவிட்டீர்கள், கம்ப்யூட்டர்தான் விடவில்லை என்று. கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பவே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் அண்ணாச்சி."

"எப்பிடி?"

சொன்னேன். ஜெனரேட்டர், பட்டியல், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும். வால்வைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உட்காரும் இடம் சுற்றிலும் ஒரே சாம்பல் நிறமாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓர் இடத்தில் வரவில்லை போல, மறுபடி பேஸ்டைத் தொட்டு வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"அத எழுதினவனுக்கு அத மாத்தி எழுதத் தெரியுமா தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியும். ஆனா நான் மட்டும் முடிவு பண்ண முடியாது."

"அது சரி" என்றார். பிறகு அலமாரியைக் காட்டினார். பிளாஸ்டிக் கவர் பிரிக்காத ஒரு சின்ன ஸ்கேனர், ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். எல்லா வண்டிக்கும் வேலை செய்யாது, சிலதில் எர்ரரைப் படிக்க மட்டும் செய்யும், அழிக்காது. படித்தாலும் இங்கிலீஷில் வருகிறது. "நம்பரு வந்தா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுதேன், என்னன்னு சொல்லுதியா?"

சரி என்றேன். இதுவரை பதினோரு போட்டோ வந்திருக்கிறது. ஆபீஸில் அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன், சென்சார் ஒயர் பழுதுகளை அதிலிருந்து எடுக்க வேண்டும் என்று. இன்னும் அனுப்பவில்லை.